இடம் கேட்காதீங்க, நாள் கேளுங்க: கல்லங்குறிச்சியில் கண்காட்சி வைக்க யாரிடம் மனு கொடுப்பது?

(ஒலிபரப்பான எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த சில இடங்கள் சுருக்கப்பட்டிருக்கின்றன.)

இந்த வாரம் ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கப் போறேன். நுண்கலைக் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிற ஒரு மாணவி குரல் செய்தி அனுப்பியிருந்தாங்க. சொந்த ஊர் கல்லங்குறிச்சி, அரியலூர் மாவட்டம். கள்ளக்குறிச்சி இல்லை. இதைச் சிரிப்புக்காகச் சொல்லலை, பின்னாடி வேலைக்கு ஆகும்.

அவங்களும் கூடப் படிக்கிற மூணு பேரும் இறுதியாண்டு வேலையை அந்த ஊரிலேயே காட்சிக்கு வைக்கணும்னு நினைக்கிறாங்க. கல்லில் இருக்கிற சிப்பிகள் மேல் துணியையும் தாளையும் விரித்து, கல்வெட்டுக்கு மைப்படி எடுக்கிற மாதிரி எடுத்த அச்சுகள், அதோடு கொஞ்சம் மரச்செதுக்குப் படங்கள். ஊரில் பூட்டிக் கிடக்கிற ஒரு பழைய டி.வி. ரூம் கிடைச்சா போதும். மனு கொடுத்து ஒன்றரை மாதம் ஆச்சு. மூணு ஆபீஸ் ஏறி இறங்கியாச்சு. "யாரும் முடியாதுன்னு சொல்லலைண்ணா, யாரும் சரின்னும் சொல்லலை" என்கிறாங்க. கல்லூரியில் மதிப்பீட்டுக்கு இன்னும் ரெண்டு மாதம்தான் இருக்கு. கல்லூரி ஹாலிலேயே வைத்தால் மதிப்பெண் வந்துவிடும். அப்புறம் எதுக்கு இந்த அலைச்சல்னு வீட்டிலேயே கேட்கிறாங்களாம்.

எதுக்குன்னு எனக்குப் புரியுது. உலகத்தில் புவியியல் படிக்கிறவங்களுக்குக் கல்லங்குறிச்சி தெரிந்த பேர். "கல்லங்குறிச்சி ஃபார்மேஷன்" என்று ஒரு பாறை அடுக்குக்கே இந்த ஊர் பேரைத்தான் வைத்திருக்காங்க. சுமார் 7 கோடி வருடத்துக்கு முன்னாடி, டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதியில், இங்கே கடல் இருந்தது. கிரைஃபியா என்கிற சிப்பி இனம் கொத்துக் கொத்தாகப் படிந்து சுண்ணாம்புக்கல் ஆனது. அந்தக் கல்லைத்தான் வெட்டி அரியலூர் வட்டாரத்தில் சிமெண்ட் ஆக்குறாங்க. ஏர் ஓட்டும்போது சிப்பிக்கல்லைப் பொறுக்கிப் போட்டவங்க, சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவங்க, லாரி ஓட்டுறவங்க எல்லாரும் அந்தப் பக்கத்து ஆட்கள். அவங்க பார்க்காம நாலு பேராசிரியர்கள் மட்டும் பார்த்துட்டுப் போனா, அந்த வேலைக்குப் பாதி உயிர்தான்.

சரி, மனு ஏன் நிக்குது? ஒரு அதிகாரியையும் குறை சொல்லாம இதுக்குப் பதில் சொல்ல முடியும்னு நினைக்கிறேன். நம்ம ஊர் ஆபீஸ்களில் "கலைக்கு இடம் கொடு" என்பதற்குத் தனியாக ஒரு மேஜை கிடையாது. வீட்டுமனைப் பட்டாவுக்கு இருக்கு, கடை ஏலத்துக்கு இருக்கு, திருவிழாவுக்கு ஒலிபெருக்கி அனுமதிக்கு இருக்கு. உங்க மனு இதில் எதிலும் சேராது. சேராத காகிதம் ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குத் தள்ளப்படும். அதனால், ஏற்கெனவே இருக்கிற ஏதாவது ஒரு வகைக்குள்ளே உங்க வேலையைப் பொருத்திக் கொடுக்க வேண்டியது உங்க பொறுப்பு. நியாயமான்னு கேட்டா, இல்லை. ஆனா அப்படித்தான் நடக்குது.

இதுக்கு முன்னாடி யாருமே இந்தப் பாடு படலையா? பட்டாங்க. 1960-களில் சென்னை ஓவியக் கல்லூரியில் கே.சி.எஸ். பணிக்கர் முதல்வராக இருந்தார். படிச்சு முடிச்சு வெளியே போற பசங்க ரெண்டு வருடத்தில் ஓவியத்தை விட்டுட்டு ஏதாவது ஒரு வேலைக்குப் போயிடுறதை அவர் பார்த்துக்கிட்டே இருந்தார். வாங்க ஆள் இல்லை, வேலை செய்ய இடமும் இல்லை. அரசாங்கத்திடம் இடம் கேட்டு மனுப் போட்டு உட்கார்ந்திருக்கலாம். அவர் வேற வழி பிடிச்சார். மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து ஒரு கைவினைச் சங்கம் அமைச்சாங்க. பாத்திக் துணி மாதிரி விற்கக்கூடிய பொருள்களைச் செய்தாங்க. அந்தப் பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் கடற்கரையை ஒட்டி நிலம் வாங்கினாங்க. 1966-இல் சோழமண்டல ஓவியர் கிராமம் அப்படித்தான் ஆரம்பிச்சது. அப்போ அங்கே மணலும் சவுக்கும்தான். முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் சேர்ந்தாங்க. பகலில் ஓவியம், சிற்பம், மத்த நேரத்தில் வயித்துப்பாட்டுக்குக் கைவினை. பணிக்கர் 1967-இல் ஓய்வு பெற்று, 1977-இல் இறந்தார். கிராமம் இன்னைக்கும் இருக்கு, 2009-லிருந்து ஒரு அருங்காட்சியகமும் இருக்கு.

சோழமண்டலத்தைப் பத்திப் பேசுறவங்க அங்கே பிறந்த ஓவியப் பாணியைத்தான் பேசுவாங்க. எனக்கு அந்த நிலப் பத்திரம்தான் பெரிய விஷயமாப் படுது. தனி ஆளாக இல்லாமல் சங்கமாக நின்னாங்க. சொந்தக் காசில் சொந்த நிலம். யாருடைய கையெழுத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனா அந்த வழி இன்னைக்கு உங்களுக்குக் கிடையாது. அது கிழக்குக் கடற்கரைச் சாலை வர்றதுக்கு முந்தைய விலை. கல்லங்குறிச்சியிலும் சுண்ணாம்புக்கல் இருக்கிற பூமி மலிவா வராது. ரெண்டு மாதத்தில் பாத்திக் விற்று நிலம் வாங்கவும் முடியாது. வாங்க முடியாதவங்க இரவல்தான் கேட்கணும். இரவல் கேட்கிறதுன்னா இடத்தைக் கேட்கக் கூடாது, நாளைக் கேட்கணும். "பழைய கட்டடத்தை எங்களுக்கு ஒதுக்கித் தாருங்கள்" என்று எழுதினால் அது சொத்து விவகாரம். "குறிப்பிட்ட 5 நாள், காலை 10 முதல் மாலை 6 வரை பயன்படுத்த அனுமதி" என்று எழுதினால் அது நிகழ்ச்சி. முதலாவதுக்குக் கையெழுத்துப் போடுறவருக்கு ஆடிட் வரும். ரெண்டாவதுக்கு வந்தாலும் பதில் சொல்லிடலாம்.

பெரிய ஆட்களும் இதைத்தான் செய்றாங்க. சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் ரொம்ப நாள் பொதுமக்களுக்குத் திறக்காமல் இருந்த கட்டடம். 2019-இல் சென்னை ஃபோட்டோ பியன்னாலே அதைச் சில வாரங்களுக்குக் கேட்டு வாங்கிப் படங்கள் வைத்தது. இன்னொரு பக்கம், இடம் கைக்கு வர்ற வரைக்கும் எதையும் நம்பக் கூடாதுங்கிறதுக்குக் கொச்சி ஒரு உதாரணம். 2022 டிசம்பர் 12-இல் திறக்க வேண்டிய கொச்சி பியன்னாலே, பல காரணங்களோடு கட்டடம் தயாராகாத பிரச்சினையும் சேர்ந்து, 23-ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. உலகம் முழுக்க அழைப்பு போன நிகழ்ச்சிக்கே அந்தக் கதி.

இப்போ வேலைக்கு வருவோம். முதல் வேலை மனு எழுதுறது இல்லை. அந்த இடம் யாருடையதுன்னு கண்டுபிடிக்கிறது. ஊரில் கேட்டால் "அது கவர்மெண்ட் இடம்பா" என்பாங்க. கவர்மெண்ட் என்று ஒரு ஆள் கிடையாது. கட்டடம் நிற்கிற இடத்தின் சர்வே எண்ணை கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்க. எண் தெரிந்தால் வருவாய்த் துறையின் இ-சர்வீசஸ் இணையதளத்தில் அ-பதிவேட்டில் அது என்னன்னு பார்க்கலாம். கிராம நத்தமா, களம் புறம்போக்கா, மேய்ச்சல் தரையா, கோயில் பேரிலா, தனியார் பட்டாவா. ஒவ்வொண்ணுக்கும் ஆள் வேற.

ஏரி, குளம், வாய்க்கால் புறம்போக்கு என்று வந்தால் உடனே வேற இடம் பாருங்க. ஏரி ஆக்கிரமிப்பு அகற்றலுக்குன்னே 2007-இல் ஒரு சட்டம் இருக்கு, நீதிமன்றங்களும் அதில் கண்டிப்பா இருக்கு. பந்தல் கால் நடக்கூட எந்த தாசில்தாரும் எழுதித் தரத் துணியமாட்டார்.

டி.வி. ரூம் என்பது பெரும்பாலும் ஊராட்சியின் சொத்து. ஊருக்கே ஒரு டி.வி. இருந்த காலத்தில் எல்லாரும் உட்கார்ந்து பார்க்கக் கட்டினது. 2006-க்கு அப்புறம் வீட்டுக்கு வீடு இலவச கலர் டி.வி. வந்தது, அந்த அறைகளுக்கு வேலை போச்சு. எத்தனையோ ஊர்களில் இப்போ அதுக்குள்ளே பிளீச்சிங் பவுடர் மூட்டையும் உடைஞ்ச தெருவிளக்கும்தான். கட்டடம் ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் இருக்கான்னு பார்க்கச் சொல்லிக் கேளுங்க. பழைய காகிதம் கிடைக்கலைன்னா சோர்ந்து போகாதீங்க. இந்தப் பகுதி 1995 வரைக்கும் திருச்சி மாவட்டம், அப்புறம் பெரம்பலூர், 2001-இல் அரியலூர், 2002-இல் மறுபடி பெரம்பலூர், 2007-இல் மறுபடி அரியலூர். இத்தனை தடவை மாவட்டம் மாறின ஊரில் ஒரு பழைய ஃபைல் உடனே கைக்கு வராததை அலட்சியம்னு மட்டும் சொல்லிட முடியாது.

அடுத்து, ஊராட்சியில் யாரிடம்? இங்கேதான் அந்தத் தங்கச்சி ஒரு வாரத்தை விட்டிருக்காங்க. தலைவர் வீட்டுக்குப் போயிருக்காங்க. அரியலூர் உட்பட 27 மாவட்டங்களின் ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. அதுக்கப்புறம் நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. மறுபடி தேர்தல் நடந்து தலைவர் வந்துவிட்டாரா, இல்லை தனி அலுவலரேதானா என்பதை நீங்க மனு கொடுக்கிற நாளில் விசாரிச்சுக்குங்க. தனி அலுவலர் என்றால் மனு அரியலூர் ஒன்றிய அலுவலகத்துக்கு, வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி) என்று முகவரி போட்டுப் போகணும். பழைய தலைவரையும் ஊராட்சிச் செயலரையும் போய்ப் பார்த்து வைங்க, அது மரியாதை. ஆனா கையெழுத்து அவங்க கையில் இல்லை.

மனுவில் வார்த்தை ரொம்ப முக்கியம். அவங்க அனுப்பின மனு நகலைப் பார்த்தேன். பொருள்: "கலை நிறுவல் அமைத்தல் தொடர்பாக." கல்லூரியில் இன்ஸ்டாலேஷனுக்கு அதுதான் சொல். ஆபீஸில் "நிறுவல்" என்று படிச்சா என்ன தோணும்? சிலை! பொது இடத்தில் சிலை என்றால் தமிழ்நாட்டில் அது சாதி, கட்சி, சட்டம் ஒழுங்கு எல்லாம் சேர்ந்த விஷயம். பொதுச் சாலைகளிலும் நடைபாதைகளிலும் சிலை வைக்க அனுமதி தரக் கூடாதுன்னு 2013-இல் உச்ச நீதிமன்றமே உத்தரவு போட்டிருக்கு. உங்க காகிதத்தைக் கையில் எடுத்த உதவியாளருக்குத் துணி அச்சு தெரியாது, அந்த உத்தரவு தெரியும். "மாணவர் ஓவியக் கண்காட்சி" என்று எழுதுங்க. அதில் பொய் ஒண்ணும் இல்லை. சிற்பம் படிக்கிறவங்க "சிலை" என்ற சொல்லையே தொடாதீங்க. "பார்வைக்கு வைத்து, நிகழ்ச்சி முடிந்ததும் எடுத்துச் செல்லப்படும்" என்று ஒரு வரி சேர்த்துடுங்க.

சுவரில் வரையப் போறீங்கன்னா இன்னொரு சட்டம் உண்டு. பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்க 1959-இல் வந்த தமிழ்நாட்டுச் சட்டம். சுவரின் உரிமையாளருடைய எழுத்துச் சம்மதம் இல்லாமல் தூரிகையை எடுக்காதீங்க. அந்த அண்ணன் வாயால சரின்னு சொன்னார்ங்கிறது நிக்காது.

கல்லங்குறிச்சி விஷயத்துக்கு வர்றேன். மனுவின் முதல் வரியில் ஒரு தடவை, பொருளில் ஒரு தடவை, அனுப்புநர் முகவரியில் ஒரு தடவை "அரியலூர் மாவட்டம், அரியலூர் வட்டம்" என்று எழுதுங்க, பின்கோடோடு. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனதிலிருந்து, ஆன்லைன் மனுவில் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்போது கை தவறினால் உங்க காகிதம் வேற மாவட்டத்துக்குப் போய், அங்கே "எங்கள் எல்லைக்குட்பட்டது அல்ல" என்று முடிஞ்சுடும்.

இனி, பயம். இதைப் புரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியில் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்து போனாங்க. அதுக்கப்புறம் மாநிலம் முழுக்கப் பள்ளிகளின் பழைய கட்டடங்களை ஆய்வு செய்து இடிச்சாங்க. பொறுப்பில் இருந்தவங்க மேல் வழக்கு வந்தது. அதிலிருந்து, பூட்டிக் கிடக்கிற பழைய கட்டடத்தைத் திறந்து அதுக்குள்ளே மாணவர்களையும் பொதுமக்களையும் விடுவதற்குக் கையெழுத்துப் போடணும்னா எந்த அதிகாரிக்கும் அந்தச் சுவர் ஞாபகத்துக்கு வரும். அவர் கலைக்கு விரோதி இல்லை. மேற்கூரைக் காரை பெயர்ந்து ஒரு குழந்தை தலையில் விழுந்தா என்ன ஆகும்னு யோசிக்கிறார். நானா இருந்தாலும் யோசிப்பேன்.

அந்தப் பயத்துக்குக் கடிதத்திலேயே பதில் இருக்கணும். ஒன்றியப் பொறியாளர் கட்டடத்தைப் பார்த்து உறுதியா இருக்குன்னு எழுதித் தர வேண்டும் என்று நீங்களே மனுவில் கேளுங்க. அவர் "வேண்டாம்" என்று எழுதினால் அதை மதிச்சு, அறைக்கு வெளியே பந்தல் போடுங்க. அச்சுத் துணிகளைக் கொடியில் கட்டி வேப்பமரத்தடியில் தொங்கவிட்டாலும் கண்காட்சிதான். சொல்லப்போனால் நாலு சுவருக்குள்ளே வர்றதை விட அங்கே ஜனம் அதிகமா வரும், கூச்சப்படாம வரும். அப்புறம், கல்லூரி முதல்வரின் பரிந்துரைக் கடிதம் இணைக்கணும். நாலு மாணவர் கையெழுத்தை விட ஒரு கல்லூரி முத்திரைக்கு ஏன் மதிப்புன்னா, நாளைக்கு ஏதாவது நடந்தால் கேட்க ஒரு முகவரி இருக்கு. பணிக்கர் காலத்தில் அந்த வேலையைச் சங்கம் செஞ்சது, உங்களுக்குக் கல்லூரி செய்யுது. மின்சாரம் எங்கிருந்து, குப்பை யார் எடுப்பாங்க, சேதமானா யார் பொறுப்பு என்று அரைப் பக்கம் உறுதிமொழி எழுதிக் கொடுங்க.

மனுவைக் கையில் கொடுத்துட்டு "சார் பார்த்துக்கிறேன்னாரு"ன்னு வந்துடாதீங்க. தபால் பிரிவில் கொடுத்து, உங்க நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்க. ரெண்டு நாள் கழிச்சுப் போய் ந.க. எண் என்னன்னு கேளுங்க. எண் விழுந்தால்தான் அந்த உதவியாளரின் தன்பதிவேட்டில் உங்க மனு ஏறியிருக்குன்னு அர்த்தம். ஏறினால் அவர் அதை ஏதோ ஒரு வகையில் முடிச்சே ஆகணும். மனுவுக்கு 3 நாளில் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் முடிவு என்று 2015 அரசாணையே சொல்லுது. அது நடக்கலைன்னா ரெண்டு வழி. ஒண்ணு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கிற மக்கள் குறைதீர்க்கும் நாள். அங்கே புது மனு கொடுக்காம, பழைய மனுவின் எண்ணைப் பார்வையில் குறிப்பிட்டுக் கொடுங்க. இன்னொண்ணு, தகவல் உரிமைச் சட்டம், 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி. அதில் பதில் வர 30 நாள் ஆகலாம். ரெண்டு மாதம்தான் கையில் இருக்கிறவங்களுக்கு அது கடைசி ஆயுதம், முதல்லயே எடுத்தால் முகம் சுளிப்பாங்க.

கிராம சபையை மறந்துடாதீங்க. குடியரசு தினம், மார்ச் 22 தண்ணீர் தினம், மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள் கூடும். உங்க தேதிக்கு முன்னாடி ஒண்ணு வந்தால், ஊர்க்காரங்க யாராவது எழுந்து கேட்டு, தீர்மானத்தில் ஒரு வரி ஏத்திட்டாங்கன்னா, அதிகாரிக்கு அது பெரிய தைரியம். "ஊரே கேட்டது" என்று குறிப்பு எழுதலாம். அந்தத் தங்கச்சி அங்கே பேசத் தயங்குறாங்க. பொண்ணு எழுந்து பேசினா ஊரில் என்ன சொல்வாங்களோன்னு. ரெண்டு அச்சுத் துணியைக் கையோடு கொண்டு போய்ப் பிரிச்சுக் காட்டச் சொன்னேன். பேச்சை விட அது சுலபம். நம்ம நிலத்துச் சிப்பியா இதுன்னு மத்தவங்க பேச ஆரம்பிச்சுடுவாங்க.

கோயில் பக்கம் கேட்கலாமான்னும் ஒரு கேள்வி இருந்தது. கல்லங்குறிச்சி என்றாலே வெளியூருக்குக் கலியுக வரதராசப் பெருமாள் கோயில்தான். மூலவர் வழக்கமான சிலை வடிவில் இல்லை, ஒரு கல் கம்பம், அதைப் பிடித்தபடி ஆஞ்சநேயர். விவசாயிகள் விளைச்சலில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொண்டுவர்ற கோயில். கல்லைப் பத்தி வேலை செய்ற மாணவர்களுக்கு இதை விடப் பொருத்தமான வாசல் கிடையாதுதான். ஆனா கோயில் இடம் என்றால் இந்து சமய அறநிலையத் துறைச் சட்டம். 1959 சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி 5 வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையர் அனுமதி வேணும். அது உங்களுக்குப் பொருந்தாது, நீங்க கேட்கிறது நாள்தான். அறங்காவலர், செயல் அலுவலர் மட்டத்திலேயே பேசிப் பார்க்கலாம். ராமநவமியை ஒட்டின பெருந்திருவிழா நாட்களை மட்டும் கேட்காதீங்க. ஜனம் வருமேன்னு ஆசை வரும். ஆனா அந்த நாட்களில் கடை, தண்ணீர், பாதுகாப்புன்னு எல்லாரும் ஓடிக்கிட்டிருப்பாங்க, உங்க காகிதத்தைப் பார்க்கவே ஆள் இருக்காது. திருவிழா முடிந்து ஒரு வாரம் விட்டுக் கேளுங்க.

அரசுப் பள்ளியும் ஒரு வழிதான். தலைமையாசிரியர் மட்டும் சரின்னு சொன்னால் போதாது, மாவட்டக் கல்வி அலுவலகம் வரைக்கும் போகும். விடுமுறையில் கேட்டால் கொஞ்சம் சுலபம்.

செலவுக்கு: தமிழ்நாடு ஓவிய நுண்கலைக் குழு கண்காட்சிகளுக்கு நிதியுதவி செய்றது உண்டு. மாணவர்களுக்குப் பொருந்துமான்னு கலை பண்பாட்டுத் துறையில் நேரில் கேட்டுக்குங்க. சிமெண்ட் கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியிலும் கலைக்கு இடம் உண்டு, 2013 கம்பெனிகள் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கு. வாங்கலாமா கூடாதாங்கிறதை நீங்க நாலு பேரும் உட்கார்ந்து முடிவு பண்ணுங்க. சுரங்கத்தைப் பத்தின வேலைக்குச் சுரங்கக்காரர் பேர் பேனரில் வந்தால், பார்க்கிறவங்க முதலில் பேனரைத்தான் படிப்பாங்க. என்னைக் கேட்டால், பந்தலுக்கு ஊரிலேயே வசூல் பண்ணலாம்.

கடைசியா ஒண்ணு. அனுமதி கிடைத்து நிகழ்ச்சி முடிந்தால், அன்னைக்கு மாலையே அறையைக் கூட்டி, சாவியை ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து, "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி வாங்குங்க. அதில் ஒரு நகல் ஒன்றிய ஆபீஸுக்கு, ந.க. எண்ணைக் குறிப்பிட்டு. அடுத்த வருடம் வேற நாலு பசங்க இதே அறையைக் கேட்டு வரும்போது, அந்த ஃபைலில் ஒரு முன்மாதிரி இருக்கும். ஆபீஸில் யாரும் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட விரும்ப மாட்டாங்க, ரெண்டாவது ஆளாகப் போட அவ்வளவு தயக்கம் இருக்காது. மாதிரி மனு ஒண்ணு எழுதி அந்தத் தங்கச்சிக்கு அனுப்பிட்டேன். அதில் மாவட்டத்தை மூணு இடத்தில் போட்டிருக்கேன்.